இலங்கைப் பாராளுமன்றமும் குற்றப்பிரேரணையும்

எல்லாள மன்னன் அநுராதபுரத்தில் ஆராய்ச்சி மணி தூக்கி ஆண்டான் என்றும், கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தபோது தன் மைந்தனையே தண்டித்தான் என்றும் மகாவம்சம் கூறும். சோணாட்டு மனுநீதிகண்ட சோழன்மேல் ஏற்றிச் சொல்லப்படும் கதையும் இதுவே. இக்கதையில் முறையிட்டது பசு, விசாரித்தவன் அரசன், தவறிழைத்தவன் அரசகுமாரன். தவறிழைத்தவன் அரசனேயாயின் அவனை விசாரிப்பவர் யார்? மன்னராட்சியில் இவ்வினாவுக்கு விடை கிடையாது. விடை தேட முயன்றது பாராளுமன்ற ஆட்சி. உயர்பதவியாளர்மீது சட்டசபை குற்றஞ்சாட்டி, அது மெய்ப்பிக்கப்படின் பதவி நீக்கும் முறையே குற்றப்பிரேரணை எனப்படுவது.

இம்முறை ஆங்கில நாட்டிலே வளர்ந்தது. வங்காளத்தின் முதல் மகாதேசாதிபதியாயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது நடந்த வழக்கு 1788இல் தொடங்கி 1795இல் அவரது விடுதலையோடு முடிந்தது. அவ்வழக்கில் குற்றஞ்சாட்டியது பொதுமக்கள் சபை. தீர்ப்பளித்தது பிரபுக்கள் சபை. குற்றஞ்சாட்டுவோர் வேறு, தீர்ப்பளிப்போர் வேறு என்ற இந்த ஒரு வரம்பே குற்றப்பிரேரணையின் உயிர்நிலை. நமது நாட்டு வரலாற்றை இவ்வளவுகோல் கொண்டே அளந்து பார்த்தல் வேண்டும்.

சோல்பரி யாப்பின்கீழ் உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரை நீக்குவதற்குச் செனற் சபை, பிரதிநிதிகள் சபை ஆகிய இரண்டும் வேண்டுகோள் விடுத்தல் அவசியமாயிருந்தது. செனற் சபை 1971இல் ஒழிக்கப்பட்டது. பின்வந்த 1978ஆம் ஆண்டு யாப்பு சனாதிபதிக்கு ஒரு வழியும் நீதியரசருக்கு வேறொரு வழியும் வகுத்தது. சனாதிபதியை நீக்குவதாயின், சபையில் மூன்றிலிரண்டு பங்கினர் பிரேரணைக்குக் கையொப்பமிட வேண்டும். அல்லது அரைப்பங்கினர் கையொப்பமிட, விசாரணைக்குரிய குற்றச்சாட்டே என்று சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். பின்னர் மூன்றிலிரண்டு வாக்கு. அதன்மேல் உயர் நீதிமன்ற விசாரணை. குற்றம் காணப்படின் மீண்டும் மூன்றிலிரண்டு வாக்கு. நீதியரசருக்கோ மூன்றிலொரு பங்கினரின் கையொப்பமும், ஈற்றில் முழு உறுப்பினர் தொகையில் பெரும்பான்மை வாக்கும் போதும். 225 பேர் கொண்ட சபையில் இது 113 வாக்கு. இடையில் நடைபெறும் விசாரணையைச் சட்டத்தாலேனும் நிலையியற் கட்டளையாலேனும் ஒழுங்குசெய்க என்று யாப்புக் கூறியது. பாராளுமன்றம் இலகுவான வழியை எடுத்தது. உறுப்பினர்களே விசாரிக்கும் தெரிவுக்குழுவை அமைக்க 1984இல் நிலையியற் கட்டளை 78அ இயற்றப்பட்டது. சனாதிபதியை நீதிமன்றம் விசாரிக்கும். நீதியரசரை அரசியல்வாதிகள் விசாரிப்பர்!

அக்கட்டளை பிறந்த வரலாறும் கவனிக்கத்தக்கது. பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் 1984 மார்ச்சில் ஒரு கல்வி நிறுவனத்தின் பரிசளிப்பு விழாவிலே அரசாங்கத்தைக் கண்டித்துப் பேசினார். அவரை அப்பதவியில் அமர்த்தியவர் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவே. எனினும் அப்பேச்சைக் குற்றமாகக் கொண்டு தெரிவுக்குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் வயதெல்லை நிறைந்து அவர் ஓய்வு பெற்றார். பதவி நீக்கத்துக்குரிய துர்நடத்தை மெய்ப்பிக்கப்படவில்லை என்றே குழுவும் முடிவுசெய்தது.

சனாதிபதி ரணசிங்க பிரேமதாசாமீது 1991 ஓகஸ்டிலே பிரேரணை கொணர்ந்தவர்களுள் முதன்மையானோர், அவர் கட்சியினரான லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்காவும். சபாநாயகர் எம். எச். முகம்மது முதலில் அதனை ஏற்றார். உடனே சனாதிபதி பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். ஒக்டோபரில், வேண்டிய தொகை செல்லுபடியான கையொப்பங்கள் இல்லையெனச் சபாநாயகர் பிரேரணையை நிராகரித்தார். விசாரணை தொடங்கவேயில்லை.

பத்தாண்டுகளின் பின், 2001 ஜூனில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வாமீது எதிர்க்கட்சியினர் பிரேரணை சமர்ப்பித்தனர். தெரிவுக்குழு அமைப்பதைத் தடுத்து உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளையிட்டது. அக்கட்டளை பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாதெனச் சபாநாயகர் அநுரா பண்டாரநாயக்கா தீர்ப்புரைத்தார். பிணக்கு முற்றுமுன் ஜூலையில் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். ஒக்டோபரில் அது கலைக்கப்பட்டது. ஆளுங் கட்சியின் மனம் எப்பக்கமோ அப்பக்கமே தராசும் சாய்ந்தது.

இக்குறை முழுதும் வெளிப்பட்டது 2012இல். நாட்டின் முதற் பெண் பிரதம நீதியரசரான சிராணி பண்டாரநாயக்காவின் தலைமையிலான உயர் நீதிமன்றம், திவிநெகும மசோதாவுக்கு மாகாண சபைகளின் கருத்து அவசியமென்று தீர்மானித்தது. பின்னர், நவம்பர் முதலாந் திகதி, 117 உறுப்பினர் கையொப்பமிட்ட பிரேரணை பதினான்கு குற்றச்சாட்டுகளோடு சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. பதினொருவர் கொண்ட தெரிவுக்குழுவில் எழுவர் அரசாங்கத் தரப்பினர், நால்வர் எதிர்த்தரப்பினர். அந்நால்வருள் இரா. சம்பந்தனும் ஒருவர். நியாயமான விசாரணை கிடையாதென டிசம்பர் 6ஆந் திகதி பிரதம நீதியரசர் வெளியேறினார்; மறுநாள் எதிர்க்கட்சியினரும் விலகினர். அதற்கு மறுநாளே, மூன்று குற்றங்கள் மெய்ப்பிக்கப்பட்டன என்ற அறிக்கை வெளிவந்தது. இத்தகைய விசாரணை அதிகாரத்தைச் சட்டத்தாலன்றி நிலையியற் கட்டளையால் வழங்கவியலாதென 2013 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பொருள் கூறியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை இரத்துச் செய்தது. ஆயினும் ஜனவரி 11இல் 155 வாக்குகள் ஆதரவாகவும் 49 எதிராகவும் பெற்றுப் பிரேரணை நிறைவேறியது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பையும் 2014இல் உயர் நீதிமன்றத்தின் வேறோர் ஆயம் தள்ளிவிட்டது.

ஆட்சி மாறியபின், 2015 ஜனவரி 28இல், அந்நீக்கமே செல்லாதெனக் கூறி அவரை மீண்டும் பதவியில் இருத்தினர். மறுநாளே அவர் ஓய்வு பெற்றார். அவரை அடுத்துக் க. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். பிழையைத் திருத்தியது நன்றே. ஆயின் அதுவும் பாராளுமன்றத்தின் வாக்கின்றி நிறைவேற்றதிகாரத்தின் முடிவால் நடந்ததென்பதை மறத்தலாகாது. குறுக்குவழியிற் பறித்ததைக் குறுக்குவழியாலேயே நட்டனர்.

நல்ல விசாரணை மாத்திரம் போதுமோ எனின், அதுவும் போதாது. தமிழ்நாட்டவரான இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி வி. இராமசாமியை மூன்று சட்ட அறிஞர் கொண்ட குழு விசாரித்து, பதினான்கில் பதினொரு குற்றங்கள் மெய்ப்பிக்கப்பட்டன என்றது. 1993 மே மாதத்தில் லோக் சபையில் 196 பேர் பிரேரணையை ஆதரித்தனர், எதிர்த்தவர் ஒருவருமிலர். எனினும் காங்கிரஸையும் அதன் தோழமைக் கட்சிகளையும் சேர்ந்த உறுப்பினர் 205 பேர் வாக்களியாதிருந்தமையால் அது தோற்றது. அங்கே விசாரணை இருந்தது, மனச்சாட்சி இருக்கவில்லை. இங்கே வாக்கு இருந்தது, விசாரணை இருக்கவில்லை.

இரண்டும் ஒருங்கே வாய்த்த நிகழ்ச்சியும் நம் நாட்டில் உண்டு. சட்டமா அதிபர், பொலிஸ் மா அதிபர் ஆகியோரை நீக்குதற்கு 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தனிவழி வகுத்தது. அதன்படி விசாரிப்பது மூவர் குழு. தலைவர் உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர். பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனை அத்தகைய குழு விசாரித்துக் குற்றவாளியெனக் கண்டபின், 2025 ஓகஸ்ட் 5இல் 177 உறுப்பினர் அவரை நீக்க வாக்களித்தனர். எதிர்த்து ஒரு வாக்கேனும் விழவில்லை. ஆளுங் கட்சிக்கு இருந்த ஆசனங்கள் 159 மாத்திரமே என்பதை நோக்கின், எதிர்க்கட்சியினரும் அம்முடிவை ஏற்றமை விளங்கும். விசாரணையில் நம்பிக்கை பிறந்தால் வாக்கும் கட்சிவரம்பைக் கடக்கும்.

மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபைக்கு மேல் இன்னொரு குழு எதற்கு என்று கேட்பாருமுளர். நீக்கும் அதிகாரம் சபைக்கே உரியது. அதனை எவரும் பறிக்க வேண்டியதில்லை. நாம் வேண்டுவது, குற்றம் உண்டா இல்லையா என்று ஆராய்வோர் குற்றஞ்சாட்டியவர்களாக இருத்தல் ஆகாது என்பதே. தோட்டத்து வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் நம்மூர்க் கமக்காரன், வாங்குகிறவனே தராசையும் பிடித்தால் சம்மதிப்பானா? சான்றோரைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்ட வள்ளுவர் வாக்கு நாமெல்லாம் அறிந்ததே.

கோயில் நிருவாகத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், வாலிபர் சங்கங்களிலும் நம்பிக்கையில்லாப் பிரேரணைகள் வருவதுண்டு. அவ்வேளைகளில், “எம் பக்கத்துக்கு எத்தனை கை?” என்று எண்ணுவதே வழக்கமாகிவிட்டது. “விசாரித்தவர் யார்?” என்ற கேள்வியை முதலிற் கேட்கும் பழக்கம் இளைஞரிடையே வேரூன்றுமாயின், நாளை அவர்களுள் ஒருவர் பாராளுமன்றஞ் செல்லும்போதும் அக்கேள்வி அவரோடு கூடச் செல்லும்.