முதல் கோடையைத் தாண்டாத கன்று: ஆத்தூர் மலைகளின் காட்டுத் தாவரங்களும் மாறிவரும் காலநிலையும்

ஆத்தூர் வசிட்ட நதிக்கரையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே கல்வராயன், தென்கிழக்கே பச்சைமலை, தென்மேற்கே கொல்லிமலை, மேற்கே சேர்வராயன். இடைப்பட்ட சமவெளியில் மரவள்ளியும் மக்காச்சோளமும் கரும்பும் பயிராகின்றன. ஒரு மலையின் காட்டு விதை இந்த வயல்களைக் கடந்து அடுத்த மலையில் வேரூன்றுவது அரிது. தொடர்ச்சியாக நீளும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இம்மலைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

வெப்பம் கூடினால் தாவரங்கள் மலையேறும் என்பது சூழலியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1802-இல் ஈக்வடாரின் சிம்பொராசோ மலையில் குறித்துவைத்த தாவர எல்லைகளை ஆய்வாளர்கள் 2012-இல் மீண்டும் அளந்து, அவை சராசரியாக 500 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டதாகக் கண்டனர். ஹம்போல்ட்டின் மூலக் குறிப்புகளைக் கொண்டு அந்த அளவு மிகை என்று பின்னர் மறுப்பும் எழுந்தது. ஆயினும் ஏற்றம் நடந்தது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆத்தூர் மலைகளுக்கு இந்த விளக்கம் போதாது. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். ஒரு டிகிரி உயர்வை ஈடுகட்ட ஒரு செடி சுமார் 165 மீட்டர் மேலே இடம் பிடிக்க வேண்டும். சேர்வராயனில் அந்த இடத்தைச் சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820 வாக்கில் அறிமுகப்படுத்திய காபி பெருமளவில் எடுத்துக்கொண்டது. கல்வராயன் மேட்டு நிலத்தில் சாமையும் மரவள்ளியும் விளைகின்றன. சேர்வராயனுக்கே உரிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் போன்ற மரத்துக்கு மேலே செல்ல மலையே மிச்சமில்லை.

இடம்பெயர முடியாத இனம் தன்னை மாற்றிக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் காட்டுக் கடுகின் விதைகளை 1997-இலும், வறட்சிக்குப் பின் 2004-இலும் சேகரித்து ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். வறட்சியைக் கண்ட தலைமுறையின் வாரிசுகள் ஓரிடத்துச் செடிகளில் 1.9 நாளும், மற்றோரிடத்தில் 8.6 நாளும் முன்னதாகப் பூத்தன. ஒரே இனம்தான், இடத்துக்கு இடம் விளைவு வேறு. ஆகவே காலநிலைக்கு எதிர்வினை காட்டும் அலகாக அந்தந்த இடத்து இனத்தொகையைத்தான் கொள்ள வேண்டும். ஆனால் கடுகு ஆண்டுக்கு ஒரு தலைமுறை காண்கிறது. முதல் காய்ப்புக்கே பல ஆண்டுகள் காத்திருக்கும் கடுக்காய் மரத்திடம் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

கடுக்காயையே எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலையாளிப் பழங்குடியினருக்கு அது முக்கியமான வனப் பொருள். கோடையில் தளிரோடு பூக்கும். காய்கள் கார்த்திகைக்குப் பின் முதிர்ந்து பங்குனி வரை உதிரும். உதிர்ந்த காயை உடைத்தால், துவர்ப்பேறிய சதைக்குள் கல்போன்ற கொட்டை. அதற்குள் சிறு பருப்பு. அந்த ஓடு இளகக் கோடை மழையும் தென்மேற்குப் பருவமழையும் வேண்டும். முளைத்த கன்று ஆழமாக வேர்விட வடகிழக்குப் பருவமழை வேண்டும். பிறகு தை முதல் வைகாசி வரை பெரும்பாலும் வறட்சிதான். முதல் கோடைக்குள் ஈரம் நிற்கும் ஆழத்தை வேர் எட்டாவிட்டால் கன்று கருகும்.

இம்மலைகளின் இலையுதிர் காடுகளில் காலநிலை மாற்றத்தின் அடி முதலில் விழுவது கன்றுகள் மீது என்பதே என் வாதம். ஆண்டின் மொத்த மழையளவு இதைக் காட்டாது. மழை இரண்டு நாளில் கொட்டித் தீர்ந்தாலும் கணக்கில் சராசரி எட்டிவிடும். சரிவில் ஓடிய நீர் வேருக்கு உதவாது. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அத்தகைய ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால் முதிர்ந்த மரம் தாங்கிவிடும். ஓராண்டுக் கன்று தாங்காது. தப்பிய கன்றையும் உண்ணிச்செடிப் புதரின் நிழலும் அதில் பற்றும் தீயும் விடுவதில்லை. பெரிய மரங்கள் நிற்பதால் காடு நலமாக இருப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றம் பல பத்தாண்டுகள் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதே எனக்குப் பெரும் கவலை.

நம்மிடம் பழைய பதிவுகள் இருக்கின்றன. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவிய கே. எம். மேத்யூ, 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதியின் தாவரத் தொகுதிகளில் இம்மலைகளையும் சேர்த்திருக்கிறார். தாளில் ஒட்டிய கிளை, தேதி, இடம், உயரம், பூவா காயா என்ற குறிப்பு: பூக்கும் காலம் நகர்ந்ததா என்று சோதிக்க இதைவிடச் சிறந்த சான்று இப்பகுதிக்குக் கிடைப்பது கடினம். ஆனால் சேகரிப்பாளர் பூத்த கிளையைத்தான் ஒடிப்பார். ஒரு சாண் கன்றைப் பிடுங்கித் தாளில் ஒட்டுவது அபூர்வம். ஆகவே பூப்பு பற்றிப் பேசும் இத்தாள்கள் காட்டின் மீளுருவாக்கம் பற்றிப் பேசுவதில்லை.

எந்த இடத்துக் கன்று கோடையைத் தாங்கும் என்ற கேள்வியை நாற்றங்கால்களும் கவனிக்க வேண்டும். அடிவாரத்து வெக்கையில் தலைமுறைகளாகத் தேறிய மரத்தின் விதையும், ஆயிரம் மீட்டர் உயரத்து மரத்தின் விதையும் ஒரே பையில் கலந்தால், வறட்சி தாங்கும் தன்மை எதில் இருந்தது என்பதே தெரியாமல் போகும். விதை எடுத்த இடமும் உயரமும் ஒவ்வொரு பையிலும் எழுதப்பட வேண்டும்.

கல்வராயன் சரிவில் அடிவாரம் முதல் மேட்டு நிலம் வரை 200 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக நிலையான மாதிரித் திட்டுகள் தேவை. ஆடியில் முளைத்தவற்றையும், தையில் மீந்தவற்றையும், அடுத்த ஆனியில் உயிரோடிருப்பவற்றையும் எண்ண வேண்டும். எந்த மரம் எந்த ஆண்டு காய்த்தது, எது பொய்த்தது என்பதை ஆண்டுதோறும் கடுக்காய் பொறுக்கும் மலையாளிக் குடும்பங்கள் அறிந்திருப்பார்கள். அவர்களைக் கூலி ஆட்களாக அன்றி, பதிவேட்டில் பெயரும் உரிய ஊதியமும் பெறும் கணக்கெடுப்பாளர்களாகவே சேர்க்க வேண்டும்.