அளவுநாடா ஒதுக்கிய ஆட்டக்காரர்

அமெரிக்கக் கால்பந்து எனப்படும் ஆட்டத்தில் காலுக்கு உள்ள வேலை மிகக் குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, சக வீரருக்கு எறிந்தோ எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பதே தாக்கும் அணியின் நோக்கம். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு தூரமேனும் முன்னேறாவிட்டால் பந்து எதிரணியிடம் போய்விடும் என்பதால், தடுக்கும் அணி ஒவ்வோர் அங்குலத்துக்கும் போராடுகிறது. தடுக்கும் 11 பேரில் முன்வரிசையில் நிற்கும் பருத்த உடலினர் எதிரணியின் முன்வரிசையோடு நேருக்கு நேர் மோதுகின்றனர். வெகுதொலைவு பின்னால் நிற்கும் விரைவோட்டக்காரர்கள் நெடுந்தூரம் எறியப்படும் பந்தைக் காக்கின்றனர். இவ்விரு பிரிவினருக்கும் நடுவே, முன்வரிசைக்குச் சில அடிகள் பின்னால் நிற்பவர்களே லைன்பேக்கர்கள். முன்னவர்களைப் போல் மோதவும் பின்னவர்களைப் போல் ஓடவும் வேண்டிய இவர்கள், பந்து எத்திசையில் செல்லும் என்பதை அது நகரும் முன்பே ஊகித்தாக வேண்டும். நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்கோ, பயிற்சியாளர் அனுப்பும் தடுப்பு வியூகத்தைச் சக வீரர்களுக்கு அறிவித்து, எதிரணியின் அணிவகுப்பைக் கண்டு அதைக் கடைசி நொடியில் மாற்றும் பொறுப்பும் உண்டு.

இத்தகைய இடத்துக்கு எப்படிப்பட்ட உடல் வேண்டும் என்பதில் 1980-களின் தொழில்முறை அணிகளுக்கு ஐயமே இருந்ததில்லை. ஆறடிக்கு மேல் உயரம் வேண்டும். இல்லையேல் எதிரணி முன்வரிசையின் தோள்களுக்கு அப்பால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, தலைக்கு மேல் செல்லும் பந்தைத் தட்டிவிடவும் இயலாது என்பது அக்காலத்து நம்பிக்கை. கல்லூரி ஆட்டத்தை முடித்த இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் என்னும் ஆண்டுத் தேர்வில் இந்நம்பிக்கை வெளிப்படையாகச் செயல்பட்டது. 1981-ஆம் ஆண்டுத் தேர்வில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி, வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஆறடி மூன்று அங்குல லைன்பேக்கர் லாரன்ஸ் டெய்லரை இரண்டாவது ஆளாக எடுத்துக்கொண்டது. பின்னாளில் அந்த இடத்தின் இலக்கணத்தையே மாற்றியவர் அவர். அன்று 28 அணிகள் 12 சுற்றுகளில் 330-க்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தன. நியூ ஜெர்சியின் மான்ட்கிளேர் ஸ்டேட் கல்லூரியில் அதே இடத்தில் ஆடிய சாம் மில்சின் பெயர் ஒரு சுற்றிலும் உச்சரிக்கப்படவில்லை.

1959 ஜூன் 3 அன்று பிறந்த மில்ஸ், நியூ ஜெர்சிக் கடற்கரையிலுள்ள லாங் பிராஞ்ச் நகரில் வளர்ந்தவர். அவருடைய உயரம் 5 அடி 9 அங்குலம். எடை ஏறத்தாழ 104 கிலோ. பள்ளியில் கால்பந்தோடு மல்யுத்தமும் பயின்ற அவருக்கு, எதிராளியின் இடுப்புக்குக் கீழே புகுந்து நெம்பித் தூக்கும் உத்தி இளமையிலேயே கைவந்திருந்தது. மோதலில் யாருடைய தோள் தாழ்ந்திருக்கிறதோ அவரே மற்றவரைப் பெயர்த்துத் தள்ளுவார் என்பது இவ்வாட்டத்தின் அடிப்படை இயக்கவியலாகையால், நெடிதுயர்ந்தவர்கள் முழங்காலை மடக்கிக் குனிந்து அடைய வேண்டிய நிலையை மில்ஸ் நின்றபடியே அடைந்துவிட்டார். ஆயினும் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை நாடவில்லை. மான்ட்கிளேர் ஸ்டேட், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை தரக்கூடாது என்ற விதியுடைய இப்பிரிவில், ஆடுபவர்கள் மற்ற மாணவர்களைப் போலவே படிக்க வந்தவர்கள். 1977 முதல் 1980 வரை நான்கு பருவங்கள் அங்கே ஆடி, 500-க்கும் மேற்பட்ட முறை எதிராளிகளை மடக்கி வீழ்த்திக் கல்லூரிச் சாதனை படைத்தபோதும், எதிரே நின்றவர்கள் சிறிய கல்லூரிக்காரர்கள்தாமே என்ற மறுமொழி தொழில்முறைத் தேர்வாளர்களிடம் ஆயத்தமாக இருந்தது. உயரக் குறைவும் சிறிய கல்லூரியும் சேர்ந்தபோது, இரண்டில் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்குத் தோன்றவில்லை.

தேர்வு பெறாதவர்களும் பயிற்சி முகாமில் கலந்து தம் திறனைக் காட்டலாம் என்ற வழக்கப்படி, 1981-இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் முகாமுக்குச் சென்ற மில்ஸ், பருவம் தொடங்கும் முன் விலக்கப்பட்டார். மறு ஆண்டு கனடாவின் டொரான்டோ ஆர்கனாட்ஸ் அணியும் அவரை விலக்கியது. இதன்பின் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்ச் உயர்நிலைப் பள்ளியில் ஒளிப்படக் கலையும் மரவேலையும் கற்பிக்கும் ஆசிரியராகி, பள்ளி அணியின் பயிற்சியிலும் துணை செய்தார். அமெரிக்க விளையாட்டு நூல்கள் இக்கட்டத்தை மன உறுதிக்கு வந்த சோதனை என்று விரித்துரைப்பது வழக்கம். மில்சின் உறுதியில் ஐயமில்லை. ஆனால் வேறொரு லீக் பிறக்காமல் போயிருந்தால், அவ்வுறுதி மரவேலை வகுப்பறைக்குள்ளேயே செலவாகியிருக்கும் என்பதையும் வரலாறு சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த லீக்கின் பெயர் யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஃபுட்பால் லீக், சுருக்கமாக யு.எஸ்.எஃப்.எல். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தைத் தன் கையில் வைத்திருந்த என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீக் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் ஆடியதால், வசந்த காலத்தில் ஆடிப் பார்வையாளர்களைப் பிடிக்கலாம் என்ற கணக்கில் 1983-இல் 12 அணிகளோடு இது களமிறங்கியது. பன்னிரண்டு அணிகளுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். பழைய லீக் கழித்துவிட்டவர்களை மறுபடி பார்க்க வேண்டிய கட்டாயம் இதனாலேயே ஏற்பட்டது. மில்சை விலக்கிய கிளீவ்லாண்ட் அணியின் தலைமைப் பயிற்சியாளர் சாம் ருட்டிலியானோவே, ஃபிலடெல்ஃபியா ஸ்டார்ஸ் அணியின் பொது மேலாளர் கார்ல் பீட்டர்சனிடம் அவரைப் பரிந்துரைத்தார். தன் அணியில் இடமில்லை என்று அனுப்பியவரே இன்னோர் அணிக்குச் சிபாரிசு செய்தார் என்றால், குறை ஆட்டத்தில் இருந்ததாக அவர் கருதவில்லை என்பது வெளிப்படை.

ஸ்டார்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் மோராவும் முதலில் உயரத்தைக் கண்டு தயங்கியவரே. தயக்கம் நீடிக்கவில்லை. லீக் நடந்த மூன்று பருவங்களிலும் ஸ்டார்ஸ் இறுதி ஆட்டத்தை எட்டியது: 1983-இல் மிச்சிகன் பேந்தர்ஸிடம் 24-22 என்று தோற்று, 1984-இல் அரிசோனா ராங்லர்ஸை 23-3 என்றும், பால்டிமோர் அணியாகப் பெயர் மாறிய பின் 1985-இல் ஓக்லாண்ட் இன்வேடர்ஸை 28-24 என்றும் வென்றது. தடுப்பணியின் நடுவே நின்ற மில்சுக்கு வயல் எலி என்று பொருள்படும் பட்டப்பெயர் அமைந்தது. லீக்கின் வாழ்வு அத்துடன் முடிந்தது. இலையுதிர் காலத்துக்கு மாறி என்.எஃப்.எல்.-ஐ நேருக்கு நேர் எதிர்ப்பது என்று முடிவெடுத்த அதன் உரிமையாளர்கள், ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் தொடுத்தனர். 1986-இல் நடுவர் குழு என்.எஃப்.எல். சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. இழப்பீடாக வழங்கியதோ ஒரே ஒரு டாலர். இவ்வகை வழக்குகளில் இழப்பீடு மும்மடங்காகும் என்ற விதிப்படி அது மூன்று டாலர் ஆயிற்று. லீக் மீண்டும் ஆடவேயில்லை.

மோரா அதே 1986-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் பயிற்சியாளரானபோது மில்சையும் உடன் அழைத்துச் சென்றார். ஆக, என்.எஃப்.எல்.-இல் முதல் ஆட்டத்தை ஆடும்போது மில்சுக்கு வயது 27. செயின்ட்ஸ் அணி 1967 முதல் ஆடிவந்தும், தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த பருவம் ஒன்றைக்கூடக் கண்டிராத அணி. அங்கே மோரா அமைத்த தடுப்பு, முன்வரிசையில் மூவரையும் அவர்களுக்குப் பின்னால் நான்கு லைன்பேக்கர்களையும் நிறுத்தும் 3-4 என்ற வியூகம். வெளிப்புற லைன்பேக்கர்கள் இருவரும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வதும், உட்புறத்தவர் இருவரும் பந்தோடு ஓடுபவரை நடுவில் மடக்குவதும் இதன் பொதுவான முறை. வெளியே ரிக்கி ஜாக்சனும் பாட் ஸ்விலிங்கும், உள்ளே மில்சும் வான் ஜான்சனும் நின்றனர். ஜாக்சன், மில்சை எவரும் ஏற்காத 1981 தேர்வில் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். ஜான்சன் மில்சைப் போலவே யு.எஸ்.எஃப்.எல்.-இலிருந்து வந்தவர். செயின்ட்ஸ் ஆடிய கூரையிட்ட சூப்பர்டோம் அரங்கை நினைவூட்டி இந்நால்வருக்கும் டோம் பெட்ரோல் என்ற பெயர் வழங்கலாயிற்று.

நால்வரில் ஸ்விலிங்கின் பாய்ச்சலும் ஜாக்சனின் வலிமையும் பார்வையாளரின் கண்ணுக்கு எளிதில் புலப்பட்டன. மில்சின் பங்கு அவ்வாறு புலப்படக்கூடியதன்று. எதிரணி முன்வரிசை வீரரின் உடல் சாய்வைக் கொண்டே ஓட்டம் எப்பக்கம் வரும் என்று கணித்து, தடுக்க வருபவர் தன்னை அணுகும் முன் இடைவெளிக்குள் புகுந்துவிடுவதே அவருடைய ஆட்டம். உயரமின்மை இங்கே மறைவாகவும் பயன்பட்டது. 1987-இல் 15 ஆட்டங்களில் 12-ஐ வென்று செயின்ட்ஸ் முதன்முறையாகப் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. 1991, 1992 ஆகிய இரு பருவங்களிலும் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி அதுவே. 1992 பருவத்துக்குப் பின் நால்வரும் ப்ரோ பவுல் எனப்படும் சிறந்தோர் ஆட்டத்துக்குத் தேர்வாயினர். ஒரே அணியின் லைன்பேக்கர்கள் நால்வர் ஒருசேர அதற்குச் சென்றது அதுவே முதல்முறை. இருந்தும் 1987, 1990, 1991, 1992 ஆகிய நான்கு பருவங்களின் பிளே-ஆஃப்களிலும் செயின்ட்ஸ் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. புள்ளி சேர்க்கும் பிரிவு நலிந்திருக்கையில் தடுப்பு எவ்வளவு திறமாக அமைந்தாலும் பட்டம் கிட்டாது என்பதற்கு அக்காலச் செயின்ட்ஸைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஒன்பது பருவங்களுக்குப் பின் 1995-இல், புதிதாகத் தொடங்கப்பட்ட கரோலினா பேந்தர்ஸ் அணியில் மில்ஸ் சேர்ந்தார். வயது 36, பெரும்பாலான லைன்பேக்கர்கள் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்திருக்கும் வயது. முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்ற புதிய அணி, அக்டோபர் 15 அன்று நியூயார்க் ஜெட்ஸை எதிர்கொண்டது. ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் பப்பி பிரிஸ்டர், முன்வரிசைக்குள்ளாகவே குறுகிய தூரத்துக்குப் பந்தைத் தள்ளிவிட முயன்றபோது, அதை இடைமறித்த மில்ஸ் 36 யார்டு ஓடிப் புள்ளி எடுத்தார். 26-15 என்ற அந்த வெற்றியே பேந்தர்ஸ் வரலாற்றின் முதல் வெற்றி. மறு ஆண்டு 16 ஆட்டங்களில் 12-ஐ வென்ற பேந்தர்ஸ், டல்லஸ் கவ்பாய்ஸ் அணியை பிளே-ஆஃப் சுற்றில் வீழ்த்தி, சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டிக்கு ஒரு படி கீழே கிரீன் பே பேக்கர்ஸிடம் தோற்றது. 37 வயதில் மில்ஸ் லீக்கின் முதல்நிலைச் சிறந்த அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 பருவத்தோடு ஓய்வு பெறும்வரை, பேந்தர்ஸின் முதல் மூன்று பருவங்களில் எல்லா ஆட்டங்களையும் தொடக்கம் முதல் ஆடிய ஒரே வீரர் அவர்.

என்.எஃப்.எல்.-இல் 12 பருவங்களில் 181 ஆட்டங்கள், ஐந்து ப்ரோ பவுல், 11 இடைமறிப்புகள், குவார்ட்டர்பேக்கைப் பந்து எறியும் முன் வீழ்த்தியதற்கான கணக்கில் 20.5. மடக்கி வீழ்த்தியவை 1,200-க்கும் மேல். ஆனால் அவ்வெண்ணிக்கையை அக்கால அணிகள் தத்தம் முறையில் எண்ணியதால், வீரர்களை ஒப்பிடுவதற்கு அது உறுதியான அளவாகாது. மேலும் யு.எஸ்.எஃப்.எல்.-இல் அவர் ஆடிய மூன்று பருவங்கள் இக்கணக்கில் சேரவில்லை.

ஓய்வுக்குப் பின் பேந்தர்ஸிலேயே லைன்பேக்கர்களுக்குப் பயிற்சியாளரான மில்சுக்கு 2003 ஆகஸ்டில் குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சைக்கு இடையிலும் பணியைத் தொடர்ந்த அவர், 2004 ஜனவரியில் கவ்பாய்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்துக்கு முன் வீரர்களிடம் பேசினார். நோயறிந்தபோது விலகுவது, போராடுவது என்ற இரு வழிகளே இருந்தன என்றும், தான் போராடுபவன் என்றும், விடாமல் மோதிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்ன அவ்வுரையின் இறுதிச் சொற்கள் அணியின் முழக்கமாயின. 2012 முதல் பேந்தர்ஸ் சட்டையின் கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் அவை பொறிக்கப்படுகின்றன. அவர் உரையாற்றிய அந்தப் பருவத்தில் பேந்தர்ஸ் சூப்பர் பவுலை எட்டி, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் 32-29 என்று தோற்றது. 2005 ஏப்ரல் 18 அன்று, 45 வயதில் மில்ஸ் காலமானார். அவர் அணிந்த 51 என்ற எண்ணை பேந்தர்ஸ் வேறு எவருக்கும் வழங்குவதில்லை.

ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரிலுள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மண்டபம் அவரை ஏற்க மேலும் 17 ஆண்டுகள் ஆயின. ஓய்வு பெற்ற வீரரின் பெயர் பொதுப் பட்டியலில் 20 ஆண்டுகள் மட்டுமே இருக்கும் என்ற விதியின்படி, மில்சுக்கு எஞ்சியிருந்த கடைசி ஆண்டான 2022-இல் வாக்குகள் கிடைத்தன. அதற்குள் அவர் வழியில் வேறு சிலரும் வந்திருந்தனர்: மூன்றாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து எந்தச் சுற்றிலும் தேர்வாகாமல் வந்து, 256 ஆட்டங்களை இடைவிடாது ஆடிய லண்டன் ஃபிளெச்சரின் உயரம் 5 அடி 10 அங்குலம்; 1996 தேர்வில் ஐந்தாம் சுற்று வரை காத்திருந்து, 2023-இல் புகழ்மண்டபம் புகுந்த ஜாக் தாமசின் உயரம் 5 அடி 11 அங்குலம். இவர்களும் தேர்வாளர்களின் நம்பிக்கையை மீறியே வந்தவர்கள் என்பதால், மில்சின் வருகை அந்நம்பிக்கையைத் தகர்த்தது என்று சொல்வதற்கில்லை. மில்சைக் கண்டெடுத்த பெருமையில் பெரும்பங்கு, மூன்றே பருவங்கள் ஆடி மறைந்த அந்த வசந்த கால லீக்குக்கே உரியது.