சி.டி. சிறுகுடல் வரைவு

சி.டி. சிறுகுடல் வரைவு அல்லது சி.டி. என்டரோகிராஃபி என்பது, நோயாளியைப் பெருமளவு நீர்மம் குடிக்கச் செய்து சிறுகுடலை விரிவடைய வைத்து, பின்னர் சிரை வழியாக அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, வயிற்றையும் இடுப்புக்கூட்டையும் சி.டி. கருவியால் படமெடுக்கும் பரிசோதனை முறையாகும். குரோன் நோய், குடற் காசநோய், சிறுகுடற் கட்டிகள், காரணம் புலப்படாத குடற் குருதிப்போக்கு ஆகியவற்றை அறிய இது பயன்படுகிறது. வழமையான வயிற்று சி.டி. பரிசோதனையிலிருந்து இதனை வேறுபடுத்துவது கருவி அன்று. குடலை நிரப்பும் முறையும் படமெடுக்கும் நேரமுமே ஆகும்.

தேவை

சிறுகுடல் பல மீட்டர் நீளத்திற்குச் சுருண்டு கிடக்கும் உறுப்பு. வாய் வழியாகச் செலுத்தப்படும் சாதாரண அகநோக்கி முன்சிறுகுடல் வரையே செல்லும். பெருங்குடல் அகநோக்கி பின்சிறுகுடலின் இறுதிச் சில சென்டிமீட்டர்களை மட்டுமே எட்டும். இடைப்பட்ட பகுதியைக் காண நெடுங்காலம் பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படமே வழியாக இருந்தது. அதில் குடலின் உட்புற வடிவம் தெரியும். சுவரின் தடிப்போ, குடலுக்கு வெளியே உள்ள சீழ்க்கட்டியோ நேரடியாகத் தெரியாது. ஐக்கிய அமெரிக்காவில் 2001இல் ஒப்புதல் பெற்ற விழுங்கும் உறை அகநோக்கி உட்பரப்பை நன்கு காட்டுகிறது. எனினும் குடல் குறுகியிருந்தால் உறை அங்கே சிக்கிக்கொள்ளக் கூடும். எனவே குறுக்கம் இருப்பதாக ஐயம் எழும்போது முதலில் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வரைவு எடுக்கப்படுகிறது.

வரலாறு

சி.டி. கருவியால் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டது 1971 அக்டோபர் 1ஆம் நாள், இலண்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஆகும். இக்கருவிக்காகக் காட்பிரி ஹவுன்ஸ்பீல்டும் ஆலன் கோர்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். தொடக்கக் காலக் கருவிகள் ஒரு வெட்டுப்படத்திற்கே சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டதால், அசையாத மூளைக்குப் பொருந்தின. மூச்சாலும் தன்னியக்கத்தாலும் ஓயாது அசையும் குடலுக்குப் பொருந்தவில்லை. சுருள் முறைக் கருவிகள் வந்த பின்னரே நிலை மாறியது. குரோன் நோயாளிகளில் இம்முறையைப் பற்றி ராப்டோபூலோசும் உடன்பணியாளர்களும் 1997இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பின்னர் வந்த பல்வரிசை உணரிக் கருவிகள் முழு வயிற்றையும் ஒரே மூச்சடக்கலில் படமெடுக்க உதவின.

செய்முறை

நோயாளி நான்கு முதல் ஆறு மணி நேரம் உணவின்றி வரவேண்டும். பின்னர் ஏறத்தாழ 1.5 லிட்டர் நீர்மத்தை 45 முதல் 60 நிமிடங்களுக்குள் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். இப்பரிசோதனையின் வெற்றி பெரும்பாலும் இந்தப் படிநிலையிலேயே தங்கியுள்ளது. விரியாமல் மடிந்து கிடக்கும் நலமான குடற்சுவர் கூடத் தடித்ததுபோல் தோன்றும். உள்ளே இருக்கும் சிறு கட்டி மறைந்துவிடும்.

எந்த நீர்மத்தைக் குடிப்பது என்பதும் முக்கியமானது. சி.டி. படத்தில் ஒவ்வொரு பொருளின் அடர்த்தியும் ஹவுன்ஸ்பீல்டு அலகால் குறிக்கப்படும். நீரின் அளவு 0, காற்றின் அளவு -1000. அடர்ந்த பேரியத்தைக் குடித்தால் குடலின் உட்பகுதி வெண்மையாகிவிடும். அப்போது மருந்தேறிய சுவரின் வெண்மையை அதிலிருந்து பிரித்தறிய இயலாது. நீரை ஒத்த அடர்த்தியுள்ள நீர்மம் இருந்தால் உட்பகுதி இருண்டும் சுவர் ஒளிர்ந்தும் தோன்றும். வெறும் தண்ணீர் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், எளிதில் உறிஞ்சப்படாத மானிட்டால், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்றவை கலந்த கரைசல்கள் தரப்படுகின்றன. இவற்றால் பரிசோதனைக்குப் பின் சில மணி நேரம் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். தொலைவிலிருந்து பேருந்தில் வரும் நோயாளிக்கு இதனை முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

சிரை மருந்து செலுத்தத் தொடங்கி ஏறக்குறைய 45 முதல் 50 வினாடிகளில் குடற்சுவர் மிகுதியாக ஒளிரும். படம் பெரும்பாலும் அந்நேரத்திலோ, 70 வினாடி அளவிலோ எடுக்கப்படுகிறது. குருதிப்போக்கைத் தேடும்போது ஒரே பகுதி வெவ்வேறு நேரங்களில் இரண்டு மூன்று முறை படமெடுக்கப்படும். முதற்படத்தில் இல்லாத ஒரு வெண்புள்ளி அடுத்த படத்தில் குடலினுள் தோன்றிப் பரவினால், அங்கே குருதி கசிகிறது எனக் கொள்ளலாம்.

மூக்கு வழியாகக் குழாய் செலுத்திக் குடலை நேரடியாக நிரப்பும் முறையும் உண்டு. குடல் நன்றாக விரிந்தாலும் நோயாளிக்குத் துன்பம் மிகுதி என்பதால் அது அருகியே செய்யப்படுகிறது.

குரோன் நோயும் குடற் காசநோயும்

நன்கு விரிந்த சிறுகுடலின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அது இயல்பற்றதாகக் கருதப்படும். குரோன் நோயில் இத்தடிப்புடன் உட்படலம் மிகுதியாக ஒளிர்தலும், சுவர் அடுக்கடுக்காகத் தோன்றுதலும் காணப்படும். குடலுக்குச் செல்லும் சிறு குருதிக்குழல்கள் புடைத்துச் சீப்பின் பற்களைப் போல வரிசையாகத் தெரிவது சீப்புக் குறி எனப்படும். நோயுற்ற பகுதியைச் சுற்றிக் கொழுப்பு பெருகுதல், புரைவழிகள், சீழ்க்கட்டிகள் ஆகியவையும் இதே படத்தில் தெரிகின்றன.

இந்தியா போன்று காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் இங்குதான் சிக்கல் எழுகிறது. இரு நோய்களும் பின்சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தையே பெரிதும் தாக்குகின்றன. வயிற்றுவலி, எடை குறைதல், காய்ச்சல் ஆகிய அறிகுறிகளும் பொதுவானவை. ஆனால் சிகிச்சைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. குரோன் நோய் எனத் தவறாகக் கருதிக் காசநோயாளிக்கு ஸ்டீராய்டு அல்லது இன்ஃபிளிக்சிமாப் போன்ற எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்தால் காசநோய் உடலெங்கும் பரவக்கூடும். மாறாக, குரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்துகளைக் கொடுத்தால் மாதக்கணக்கில் காலம் வீணாகும். அதற்குள் குடல் குறுகிவிடலாம்.

நடுப்பகுதி இருண்டு, அழிந்த திசுவைக் காட்டும் பெரிய நிணநீர்க் கணுக்கள் இருந்தால் அது காசநோயையே வலுவாகச் சுட்டும். வயிற்றில் நீர் சேர்தலும் அப்பக்கமே சாயும். சீப்புக் குறி, நீண்ட பகுதி பாதிக்கப்படுதல், இடையிடையே நலமான பகுதிகளை விட்டு நோய் தாவியிருத்தல் ஆகியவை குரோன் நோயின் பக்கம் சாய்பவை. வயிற்றின் உட்கொழுப்பு, தோலடிக் கொழுப்பு ஆகியவற்றின் விகிதத்தை சி.டி. படத்தில் அளந்து இரண்டையும் பிரித்தறியும் முயற்சி புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நடைபெற்றுள்ளது. குரோன் நோயாளிகளில் உட்கொழுப்பின் பங்கு மிகுதியாகக் காணப்பட்டது. ஆயினும் படம் மட்டும் தீர்ப்பாகாது. திசு ஆய்வும் நுண்ணுயிர் ஆய்வும் உடன் தேவை.

கட்டிகள்

நரம்பு நாளமில்லாக் கட்டிகள் சிறியவையாக இருப்பினும் மருந்தேறி ஒளிரும். குடற்தாங்கு மடிப்பில் சுண்ணம் படிந்த, சுற்றுத் திசுவை இழுத்துச் சுருக்கும் திரளாக அவற்றின் பரவலே பல வேளைகளில் முதலில் கண்ணில் படும். நிணநீர்ப் புற்று சுவரைத் தடிக்கச் செய்தும், குடலைக் குறுக்காமல் அகலச் செய்யக் கூடும்.

இடர்களும் வரம்புகளும்

வயிற்று சி.டி. ஒன்றில் பெறப்படும் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட்டு ஆகும். இயற்கைச் சூழலிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்டு. ஒருமுறை எடுப்பதில் இடர் சிறிதே. ஆனால் குரோன் நோய் பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கி வாழ்நாள் முழுதும் நீடிப்பது; மீண்டும் மீண்டும் படமெடுக்கும்போது அளவு கூடிக்கொண்டே போகும். எனவே சிறாருக்கும் இளையோருக்கும் தொடர் கண்காணிப்பில் எம்.ஆர்.ஐ. வரைவோ கேளா ஒலி வரைவோ விரும்பப்படுகிறது. அவசர நிலையில் விரைவு கருதி சி.டி.யே முந்துகிறது.

கருவுற்றிருப்போர், சிறுநீரகச் செயல் குன்றியோர், முன்னர் அயோடின் மருந்தால் ஒவ்வாமை அடைந்தோர் ஆகியோர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மீன், இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும் எனப் பரவலாக நம்பப்படுவது சரியன்று. அவ்வொவ்வாமை அயோடினால் வருவதன்று, அவற்றின் புரதத்தால் வருவது. குடல் முற்றிலும் அடைபட்ட நோயாளிக்கு நீர்மம் கொடுப்பதில்லை; அடைப்பிற்கு மேல் தேங்கிய நீரே குடலை விரித்துக் காட்டிவிடும். உட்படலத்தில் மட்டும் அமைந்த மிகச் சிறிய புண்களும் தட்டையான குருதிக்குழல் கோளாறுகளும் இப்படங்களில் தவறிவிடக் கூடும். அவற்றுக்கு உறை அகநோக்கியே ஏற்றது.