கொக்குகள் மணக்கோலம் பூணும் காலம்

கொக்குவில், இணுவில், கோண்டாவில், மிருசுவில். எங்கள் ஊர்ப் பெயர்களின் முடிவில் வரும் 'வில்' என்பதற்கு நீர் தேங்கும் பள்ளம், சிறுகுளம் என்று பொருள். கொக்குகள் இறங்கிய குளத்தை வைத்தே கொக்குவில் என்ற பெயர் வந்ததாக விளக்கம் சொல்வார்கள். இன்று கே.கே.எஸ். வீதியால் போகிறவருக்குக் கடைகளும் மதில்களும்தான் தெரியும். ஆனாலும் மாரி ஓய்ந்த பின், தை தொடக்கம் வைகாசி வரை, ஒரு சைக்கிளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், அந்தப் பெயருக்குரியவர்களைக் காலை ஆறு மணிக்குப் போய்ச் சந்திக்கலாம்.

நான் போவது ஆனைக்கோட்டை வழியாகக் கல்லுண்டாய் வெளிக்கு. ஒரு பக்கம் வயலும் தரவையும், மறுபக்கம் கடனீரேரி. வடக்கே கொஞ்சம் தள்ளி, வழுக்கையாறு அராலியில் கடனீரேரியைச் சேர்கிறது. மழை காலத்தில் மட்டும் ஓடும் ஆறு அது. அது கொண்டுவந்து விடும் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கிற ஆழமில்லாத தண்ணீர்தான் பறவைகளுக்குச் சாப்பாட்டு மேசை.

எங்களுக்கு ஐரோப்பாவில் உள்ளது போன்ற வசந்தகாலம் இல்லை. இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. உள்ளூர்ப் பறவைகள் பெரும்பாலும் மழையையும் தண்ணீர் மட்டத்தையும் பார்த்துச் சோடி சேர்கின்றன. வலசை வந்தவை பகல் நீள்வதை உணர்ந்து உடை மாற்றுகின்றன. மாரியில் சாம்பல் நிறத்தில் நின்ற கருவால் மூக்கனின் கழுத்து பங்குனியில் செங்கல் நிறமாகும். உப்புக்கொத்திகளின் நெஞ்சில் செம்பட்டை விழும். கலியாணப் பட்டை இங்கே உடுத்திக்கொண்டு, கலியாணத்துக்கு வட ஆசியாவுக்குப் பறக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே தாலி கட்டிவிட்டுப் போகும் எங்கள் ஆட்களுக்கு நேர்மாறு!

கொக்குகளுக்கு வருவோம். மாட்டின் பின்னால் திரியும் உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் முதுகும் இந்தக் காலத்தில் மஞ்சள் அரைத்துப் பூசியது போலாகும். மண்ணோடு மண்ணாக இருந்த குருட்டுக்கொக்கின் முதுகு கருஞ்சிவப்பாக மாறும். சின்னக்கொக்கின் பிடரியில் இரண்டு நீண்ட இறகுகள் தொங்கும். முதுகில் நூல் நூலாகத் தூவி விரியும். கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள வெறுந்தோல் சில நாட்கள் சிவந்து காணப்படும். ஆண் கூட்டுக்கான கிளையைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்தி, தூவியை விரித்து நிற்கும். பெண் சம்மதித்த பிறகு சுள்ளி கொண்டுவருவது ஆணின் வேலை, அடுக்குவது பெண்ணின் வேலை.

இந்தத் தூவிக்காகத்தான் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகம் முழுவதும் கொக்குகளைக் கொன்று குவித்தார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்கு அது தேவைப்பட்டது. சோடி சேரும் காலத்தில் மட்டுமே தூவி வளர்வதால் கூட்டிலேயே சுட்டார்கள். குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அதை எதிர்த்து இங்கிலாந்துப் பெண்கள் 1889இல் தொடங்கிய சங்கமே இன்று அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பு. பிரித்தானியாவில் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் வர 1921 ஆயிற்று.

ஆனால் என்னைக் கேட்டால், கல்லுண்டாயில் பார்க்க வேண்டியது நெடுங்கால் உள்ளானை. கறுப்புச் செட்டை, வெள்ளை உடல், இளஞ்சிவப்புக் குச்சிக் கால்கள். தண்ணீர் வற்றிச் சேறு தெரியத் தொடங்கும்போது கவனியுங்கள். பெண் கழுத்தைத் தாழ்த்தி நீட்டி அசையாமல் நிற்கும். ஆண் அதன் பின்னால் இப்பக்கமும் அப்பக்கமுமாக நடக்கும். அலகைத் தண்ணீரில் தோய்த்துத் தெறிக்கும். இறகைக் கோதுவதாகப் பாவனை செய்யும். கூடல் சில விநாடிகளில் முடிந்துவிடும். பிறகுதான் அழகு. ஆண் ஒரு செட்டையைப் பெண்ணின் முதுகில் போட்டு, இரண்டும் அலகுகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு சில அடி சேர்ந்து நடக்கும். நான் இதை முழுமையாகப் பார்த்தது இரண்டே தடவைகள்.

பூநாரைகள் இங்கே முட்டையிடுவதில்லை. தெற்காசியாவில் அவற்றின் பெரிய குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. ஆனால் கூட்டமாகக் கழுத்தை நிமிர்த்தித் தலையை இடமும் வலமும் வெட்டி, செட்டையைச் சட்டென்று விரித்து மூடும் ஆட்டத்தை மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும். வாலடியில் சுரக்கும் நிறமுள்ள எண்ணெயை அவை இறகில் பூசிச் சிவப்பைக் கூட்டுகின்றன என்று 2011இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஒப்பனை மனிதருக்கு மட்டும் உரியது இல்லைப் போலும்.

வடலிகளைத் தாண்டும்போது மேலே பாருங்கள். ஆண் தூக்கணாங்குருவி கூட்டைப் பாதி வரை பின்னி நிறுத்தும். அந்தத் தலைக்கவச வடிவத்துக்கு ஏறக்குறைய 8 நாட்கள். பிறகு அதில் தொங்கியபடி செட்டையடித்துப் பெண்களைக் கூப்பிடும். பெண் உள்ளே போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நீண்ட வாசல் குழாய் பின்னப்படும். முழுக் கூட்டுக்கு 18 நாட்கள், 500 தடவை வரை பறப்பு. முடிந்ததும் அவர் அடுத்த கூட்டுக்கும் அடுத்த மனைவிக்கும் ஆயத்தமாகிவிடுவார். பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் தறிக்கப்பட்டபோது இவை தொங்க இடமின்றிப் போன ஊர்கள் எத்தனையோ.

கல்லுண்டாயில் ஒரு ஐயா மாடு மேய்ப்பார். முதல் நாள் என் கழுத்தில் தொலைநோக்கியைக் கண்டதும் திடுக்கிட்டார். "பிள்ளை, உதைக் கொழுவிக்கொண்டு அந்தக் காலத்தில சென்ரியைத் தாண்டியிருப்பீரோ?" என்றார். நான் ஆட்காட்டியைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை, கேட்டார்.

"உது கத்தினா விளக்கை நூத்துப்போட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தனாங்கள். ஆமி வாறான் எண்டு நினைக்கிறது. தன்ர சோடியைக் கூப்பிட்டுக் கத்தினதோ, ஆருக்குத் தெரியும்?"

எனக்கும் அந்தச் சத்தம் தெரியும். தொண்ணூறுகளில் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியிருந்த இரவுகளில் அதைக் கேட்டிருக்கிறேன். ஆட்காட்டி வெறும் தரையில், சிறு கற்களுக்கு நடுவே, பொதுவாக நாலு முட்டைகள் இடும். வெயில் ஏறினால் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர வைக்கும். ஆள் நெருங்கினால் கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாயும். அப்போது வந்த வழியே திரும்புங்கள், படத்துக்காக நிற்காதீர்கள். பெற்றோர் விலகி நிற்கும் நேரத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சில இனங்கள் நீங்கலாக எல்லாக் காட்டுப் பறவைகளையும் காக்கிறது. அவை இறங்கும் பள்ளத்தில் மண் கொட்டுவதை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. கொக்குவிலில் என் சிறுவயதில் தவளை கத்திய பள்ளங்கள் சில இப்போது வீட்டுக் காணிகள். கல்லுண்டாயில் நகரத்துக் குப்பை மலையாகக் கிடக்கிறது.

போன கிழமை போனபோது புதிதாகக் கொட்டிய கிரவல் குவியலுக்கு இருபது அடி தள்ளி ஆட்காட்டியின் நாலு முட்டைகள் கிடந்தன. ஐயாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பார்த்தால், முட்டைகளுக்குச் சற்று எட்ட நாலு பக்கமும் பனைமட்டைகள் நட்டிருந்தன. ஒன்றின் நுனியில், ரிப்பர்காரரின் கண்ணில் படும்படி, சிவப்புச் சீலைத் துண்டொன்று கட்டியிருந்தது.