தமிழ் தலைவாஸ்: வீரர் ஏலங்களும் சீசனுக்கு முந்தைய கணிப்புகளும்

தமிழ் தலைவாஸ், புரோ கபடி லீகில் தமிழ்நாட்டின் பெயரால் ஆடும் அணி. லீகின் ஐந்தாவது சீசனில், 2017-ல், உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியானா அணிகளுடன் புதிதாகச் சேர்க்கப்பட்டது. முதல் மூன்று சீசன்களில் தன் பிரிவிலோ மொத்தப் பட்டியலிலோ கடைசி இடத்தையும், நான்காவது சீசனில் கடைசிக்கு முந்தைய இடத்தையும் பெற்றது. ஆனால் ஏலம் முடிந்த மறுநாள் எழுதப்பட்ட கணிப்புகளில் இந்த அணி பலவீனமானதாக இருந்ததில்லை. பெயர் பெற்ற வீரர்கள் நிறைந்த ஆண்டுகளில் தோற்றது. பெரிய பெயர் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறிய ஆண்டில் அரையிறுதிக்குச் சென்றது. ஆண்டுதோறும் வீரர்கள் மாறும் ஒரு லீகில் முன்கூட்டிய கணிப்புகள் எங்கே சறுக்குகின்றன என்பதற்கு இந்த அணியின் வரலாறு நல்ல சான்று.

ஏல முறை

புரோ கபடி லீக் 2014 ஜூலையில் எட்டு அணிகளுடன் தொடங்கியது. 2017-ல் அணிகள் பன்னிரண்டாயின. எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு பணம்தான் அனுமதிக்கப்படும். 2022-ல் அது 4.40 கோடி ரூபாய். 2023-ல் 5 கோடி. ஒவ்வோர் அணியும் சில வீரர்களைத் தக்கவைத்துக்கொண்டு மற்றவர்களை ஏலத்துக்கு விட வேண்டும். தான் விட்ட வீரருக்கு வேறு அணி கேட்ட கடைசி விலையைக் கொடுத்து அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் ஓரளவுக்கு உண்டு. பணக்கார அணி எல்லோரையும் வாங்கிக் குவிப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. இதன் மறுபக்க விளைவு, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா அணிகளும் கலைந்து மீண்டும் கூடுவது.

சீசன் தொடங்குமுன் கணிப்பவர் கையில் இருப்பவை இரண்டே: ஏலத்தில் வீரருக்குக் கிடைத்த விலை, முந்தைய சீசனில் அவர் எடுத்த புள்ளி. இரண்டும் தனி ஆளின் கணக்கு. கபடியோ ஏழு பேர் ஆட்டம்.

பெயர்களின் காலம்: 2017–2019

முதல் சீசனில் அணியின் முகம் அஜய் தாக்கூர். இமாச்சலப் பிரதேசத்துக்காரர். 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையை இந்தியா வெல்ல முக்கியக் காரணமாக இருந்தவர். பயிற்சியாளர் கே. பாஸ்கரன், 2014-ல் ஜெய்ப்பூர் அணிக்கு முதல் கோப்பையைப் பெற்றுத் தந்தவர். 2017 ஜூலை 28 அன்று ஐதராபாத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸிடம் 27-32 என்று தோற்றது. சீசன் முடிவில் பி பிரிவில் கடைசி. தாக்கூர் 200-க்கு மேற்பட்ட ரெய்டு புள்ளிகள் எடுத்திருந்தார். அடுத்த சீசனிலும் அந்த எண்ணைக் கடந்தார். இரு முறையும் அணி அடித்தட்டிலேயே கிடந்தது.

2018 ஏலத்தில் முதன்முறையாகச் சில வீரர்களின் விலை ஒரு கோடியைத் தாண்டியது. தலைவாஸ் அந்தப் போட்டியில் இறங்காமல் அனுபவசாலிகளைக் குறைந்த விலையில் சேர்த்தது. மஞ்சீத் சில்லர் 20 லட்சத்துக்குக் கிடைத்தார். ஜஸ்வீர் சிங்கும் வந்தார். அக்டோபர் 7 அன்று சென்னையில் நடந்த தொடக்க ஆட்டத்தில், மூன்று முறை தொடர்ந்து கோப்பை வென்றிருந்த பாட்னா பைரேட்ஸை 42-26 என்று வீழ்த்தியபோது கணிப்புகள் சரி என்றே தோன்றியது. அந்தச் சீசனிலும் பி பிரிவில் கடைசி இடம்தான் கிடைத்தது.

2019-ல் எதிர்பார்ப்பு உச்சத்துக்குப் போனது. ஆறு சீசன்கள் தெலுங்கு டைட்டன்ஸில் ஆடி, லீகின் மொத்தப் புள்ளிகளில் முன்னணியில் இருந்த ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்குத் தலைவாஸ் வாங்கியது. தாக்கூரும் மஞ்சீத்தும் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள். டேக்கிள் புள்ளிகளில் முன்னணியில் இருந்தவர் மஞ்சீத். பயிற்சியாளராக, 2015-ல் யு மும்பாவுக்குக் கோப்பை பெற்றுத் தந்த கேரளத்தின் ஈ. பாஸ்கரன் இருந்தார். (அடுத்தடுத்த இரு பயிற்சியாளர்களும் பாஸ்கரன்கள் என்பதால் பழைய செய்திகளைப் படிப்பவர்கள் குழம்புவதுண்டு.) முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 39-26 என்று வென்றது. அதன் பிறகு வெற்றி அரிதாகி, பயிற்சியாளர் பாதியில் விலக, ஜெ. உதயகுமார் பொறுப்பேற்றார். 22 ஆட்டங்களில் 4 வெற்றிகள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

பெயர்களைக் கூட்டிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ரெய்டு போக முடியும். தாக்கூர், ராகுல் இருவரும் ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தாங்களே சுமந்து பழகியவர்கள். ஒரே அணியில் இருவர் இருப்பதால் ரெய்டுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகாது; பங்கு போடப்படும். தாக்கூர் முப்பதைத் தாண்டியிருந்தவர் என்பதும் விலைப் பட்டியலில் தெரியாது.

போனவர்கள் போன இடத்தில்

கலைந்த அணியின் வீரர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி. தமிழ்நாட்டுக்காரரான கே. பிரபஞ்சன் 2017-ல் தலைவாஸுக்கு ஆடினார். அடுத்த ஆண்டு குஜராத் அணிக்குப் போனார். அது இறுதிப் போட்டிவரை சென்றது. அதற்கடுத்த ஆண்டு பெங்கால் வாரியர்ஸுக்குப் போனார்; அது கோப்பையை வென்றது. பிறகு 2021-ல் தலைவாஸ் அவரை 71 லட்சம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. மஞ்சீத் சில்லர் தலைவாஸிலிருந்து தபாங் டெல்லிக்குச் சென்றார். அந்த அணி 2022 பிப்ரவரி 25 அன்று பாட்னாவை ஒரே புள்ளி வித்தியாசத்தில், 37-36 என்று, வென்று கோப்பையைப் பெற்றது. சென்னையில் இவர்கள் ஆடத் தெரியாதவர்களாக இருந்து, வேறு ஊருக்குப் போனதும் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. மாறியது சுற்றியிருந்த ஆட்கள்.

தமிழகக் கபடி ரசிகர்களின் மனக்குறையும் இங்கேதான். தஞ்சை மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னாவின் தலைவராகக் கோப்பையைத் தூக்கியவர். வேறு பல அணிகளுக்கு ஆடிய அவர் வீரராகத் தலைவாஸின் சட்டையை அணியவே இல்லை. 2024-ல் பயிற்சிக் குழுவில்தான் வந்து சேர்ந்தார். உள்ளூர் வீரரை வைத்துக்கொள்வது பாசத்துக்காக மட்டும் அல்ல. ஊர் மன்ற அணிகளில் சேர்ந்து ஆடுபவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலிருந்து ஒன்றாக ஆடுபவர்கள். பக்கத்தில் நிற்பவன் எப்போது பாய்வான் என்று பார்க்காமலே தெரியும்.

கணிப்பு தலைகீழான ஆண்டு: 2022

கொரோனாவால் ஓராண்டு தடைபட்ட லீக் 2021 டிசம்பரில் பெங்களூருவில் மீண்டும் தொடங்கியபோது தலைவாஸ் ஏறத்தாழ முழுக்கப் புதிய அணி. தலைவர் சுர்ஜீத் சிங். முடிவில் பதினொன்றாவது இடம். ஆனால் அந்தத் தோல்வியில் ஒரு பயன் இருந்தது. சாகர் ராத்தி, சாஹில் குலியா, எம். அபிஷேக், மோஹித் ஆகிய இளம் தடுப்பாட்டக்காரர்கள் ஒன்றாக ஆடிப் பழகினார்கள். அவர்கள் அடுத்த சீசனுக்கும் தொடர்ந்தார்கள். ரெய்டில் அஜிங்க்யா பவாரும் தொடர்ந்தார்.

2022 ஆகஸ்ட் ஏலத்தின் தலைப்புச் செய்தி வேறு. பெங்களூரு புல்ஸின் பவன் செராவத்தைத் தலைவாஸ் 2.26 கோடிக்கு வாங்கியது. அதுவரை லீகில் யாருக்கும் கொடுக்கப்படாத விலை. அணியின் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல். கணிப்புகள் எல்லாம் அவர் ஒருவரைச் சுற்றியே இருந்தன. அக்டோபர் 8 அன்று குஜராத்துடனான முதல் ஆட்டத்தில், சில நிமிடங்களிலேயே, அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. பவன் அந்தச் சீசனில் மறுபடி ஆடவில்லை. தலைவாஸின் கதை முடிந்தது என்றே பொதுவாக நினைக்கப்பட்டது.

அவர் விட்ட இடத்தை நிரப்பியவர் நரேந்தர். ஏலத்தில் விலை பேசப்படாமல், புதிய இளம் வீரர் என்ற பிரிவில் நேரடியாகச் சேர்க்கப்பட்டவர். அறிமுகச் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். சீசனின் நடுவில் உதயகுமாருக்குப் பதில் அஷன் குமார் பயிற்சியாளரானார். அணி ஐந்தாவது இடம் பிடித்து, முதன்முறையாக பிளே ஆஃப் சுற்றுக்குச் சென்றது. டிசம்பர் 13 அன்று மும்பையில் உ.பி. யோத்தாஸுடன் 36-36 என்று சமன் செய்து, டை பிரேக்கரில் 6-4 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று தோற்றது.

கபடியில் தடுப்பு என்பது சங்கிலி. கார்னரில் நிற்பவர் காலைப் பிடித்த அதே கணத்தில் கவரில் நிற்பவர் மேலே விழ வேண்டும். அரை நொடி தாமதித்தால் ரெய்டர் இருவரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவார். ஒரு புள்ளி வருவதற்குப் பதில் இரண்டு புள்ளி போகும். இந்த ஒத்திசைவை ஏலத்தில் வாங்க முடியாது. அடுத்த அணிக்கு ஒருவரை மட்டும் பிரித்துக் கொடுத்தால் அது அவருடன் போவதும் இல்லை. தடுப்பு நிலையாக இருந்ததால்தான் ஒரு புதிய ரெய்டர் பதற்றமின்றி ஆட முடிந்தது. 2022 கணிப்புகளில் பவனின் விலை இருந்த அளவுக்கு, இந்த நான்கு பேரும் இரண்டாம் ஆண்டாகச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்ற செய்தி இல்லை.

2023-க்குப் பின்

அடுத்த ஏலத்தில் பவன் 2.605 கோடிக்குத் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். அந்த அணி அவரை வைத்துக்கொண்டே கடைசி இடம் பிடித்தது. தலைவாஸ் அரையிறுதி அணியின் பெரும்பகுதியைத் தக்கவைத்தது. இம்முறை கணிப்பாளர்கள் பாடம் கற்றவர்களாக, நிலையான அணி என்பதால் மேலே வரும் என்றார்கள். வந்தது ஒன்பதாவது இடம். ஒன்றாக ஆடிய அணி என்பதே வெற்றிக்கு உறுதி அளிக்காது; முந்தைய ஆண்டு யாருக்கும் தெரியாமல் இருந்த நரேந்தரை இப்போது எதிரணிகள் எல்லாம் படித்து வைத்திருந்தன. அந்த ஆண்டு கோப்பையை வென்ற புனேரி பல்டன், அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்ற தன் இளைஞர்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஈரானின் முகமதுரேசா ஷத்லூவை 2.35 கோடிக்குச் சேர்த்திருந்தது. பல்டனும் பெரும்பணம் கொடுத்துத்தான் வாங்கியது. ஆனால் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த சுவரில் ஒரு கல்லை வைத்தது.

2024-ல் தலைவாஸ் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு வாங்கி மீண்டும் ஒன்பதாவது இடத்தில் நின்றது. 2025 ஏலத்தில் அர்ஜுன் தேஷ்வாலை 1.405 கோடிக்கும், பவன் செராவத்தை 59.50 லட்சத்துக்கும் எடுத்தது. பவன் அந்தச் சீசனின் நடுவிலேயே அணியை விட்டுப் பிரிந்தார்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில்

இதே சிக்கல் இன்று மிகப் பெரிய அளவில் நடப்பது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில். முன்பு கல்லூரி மாறும் மாணவர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2018-ல் மாற விரும்பும் வீரர்களின் பொதுப் பதிவேடு வந்தது. 2021-ல் ஒருமுறை காத்திருக்காமல் மாறலாம் என்ற விதியும், 2024-ல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்ற விதியும் வந்தன. அங்குள்ள கணிப்பாளர்கள் போன ஆண்டின் ஆட்ட நிமிடங்களில் எத்தனை பங்கு ஆடியவர்கள் திரும்பி வருகிறார்கள் என்பதையும் தனியே கணக்கிடுகிறார்கள்.

அப்படியும் 2022-23 சீசன் எல்லோரையும் ஏமாற்றியது. முந்தைய ஆண்டு இறுதிப் போட்டியில் ஆடிய வட கரோலினா, தொடக்க ஐவரில் நால்வருடன் திரும்பி வந்தது. சீசனுக்கு முந்தைய தரவரிசையில் முதலிடம். முடிவில் 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. போட்டி 1985-ல் 64 அணிகளாக விரிந்த பின் முதலிடக் கணிப்பு பெற்ற எந்த அணிக்கும் இது நேர்ந்ததில்லை. அதே ஆண்டில் கான்சஸ் ஸ்டேட் பழைய வீரர்கள் இருவரை மட்டும் கொண்டு, புதிய பயிற்சியாளர் ஜெரோம் டாங்குடன் வந்தது. தன் பிரிவில் கடைசி என்று கணிக்கப்பட்ட அந்த அணி தேசியப் போட்டியின் கடைசி எட்டுக்குள் நுழைந்தது. திரும்பி வந்த அந்த இருவரில் ஒருவர் மார்க்கிஸ் நோவெல், ஆட்டத்தை நடத்தும் இடத்தில் ஆடியவர். எண்ணிக்கையைவிட எந்த இடத்தில் இருப்பவர் நிலைக்கிறார் என்பதே அங்கு முக்கியமாயிற்று.

சென்னை சிட்டி

தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பான நிகழ்வு கால்பந்தில் உண்டு. அதில் குமரி மாவட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் 2017-18 ஐ லீகில் சென்னை சிட்டி அணியின் சிறந்த வீரராக விளங்கினார். அணி பத்தில் எட்டாவதாக முடித்தது. 2018-ல் அவர் ஜாம்ஷெட்பூருக்குச் சென்றார். இருந்த ஒரு நல்ல வீரரும் போன நிலையில், சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளரானார். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரொட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் ஸ்பெயினிலிருந்து வந்தார்கள். இங்கே வெளியாட்கள் தனித்தனியாக அல்லாமல் ஒரே கால்பந்து மரபிலிருந்து கூட்டாக வந்தது கவனிக்கத்தக்கது. மான்சி மட்டும் 21 கோல்கள் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்ற சென்னை சிட்டி, 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்று வாகை சூடியது.

அந்த அணியும் நிலைக்கவில்லை. கோர்டில்லோ அதே ஆண்டு ஐதராபாத்துக்கும், எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கும் போனார்கள். 2020 ஜனவரியில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குச் சென்றார். வாகை சூடிய ஆண்டில் அணியில் இல்லாமல் போன சூசைராஜ் 2019-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் சேர்ந்தார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படாத கோவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில், அந்த அணி சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்றது.