துறைமுகமும் பொறியியல் கட்டடமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கல்வி நிறுவனங்களின் வரலாற்றை எழுதுங்கால், கட்டடம் எழுந்த ஆண்டையும் அதன் வசதிகளையும் குறிப்பதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அக்கட்டடத்திற்கான தேவை எங்குப் பிறந்தது என்று வினவினால், மலேசியப் பொறியியல் கல்வியின் வரலாறு நம்மைப் போர்ட் கிள்ளானுக்கும் இட்டுச் செல்கிறது.

சிலாங்கூரின் ஈயத்தை ஏற்றுமதி செய்வதற்காக, கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை 1886இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் ஆற்றினுள் வருவது அரிதாயிருந்ததால், முகத்துவாரத்தில் 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் தொடங்கப்பட்டது. 1972இல் அது போர்ட் கிள்ளான் எனப் பெயர் பெற்றது. சதுப்புநிலத்தில் அமைந்த அத்துறைமுகத்தைச் சில மாதங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் முடக்கியது. கிள்ளான் அரசு மருத்துவர் மால்கம் வாட்சனின் முயற்சியால் வடிகால் வெட்டி, கரை எழுப்பிய பின்னரே நோய் தணிந்தது. துறைமுகத்தைக் காத்ததில் மருத்துவத்தோடு பொறியியலுக்கும் பங்குண்டு. இருப்புப்பாதை, சாலை, கப்பல்துறைப் பணிகளில் உழைத்தோருள் தமிழ்த் தொழிலாளர் பலராவர்.

இத்தகைய பணிகளை நடத்தப் பயிற்சி பெற்ற ஊழியர் தேவைப்பட்டனர். பொதுப்பணி, இருப்புப்பாதை, நில அளவைத் துறைகளுக்காக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் திரெச்சர் தொழில்நுட்பப் பள்ளி தோன்றியது. அது 1946இல் கல்லூரியாக உயர்ந்து, 1955இல் கர்னி சாலையில் புதிய வளாகம் பெற்றது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய பொறியியல் துறை, 1958இல் கோலாலம்பூருக்கு வந்தபோது முதலில் அவ்வளாகத்திலேயே தங்கியது. பின்னர்ப் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் நிலைபெற்றது. இரும்பையும் கற்காரையையும் சோதிக்கும் பொறிகள், நீரோட்டத்தை அளக்கும் கருவிகள், பட்டறைகள் ஆகியவையின்றிப் பொறியியலைக் கற்பித்தல் இயலாது. ஆதலின், இத்துறைக்குக் கட்டடமே பாடத்தின் ஒரு பகுதியாகும்.

எனினும், தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. பொறியியலோ ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. இருப்புப்பாதைக்கு மண் வெட்டியவரின் பிள்ளைகள் அவ்வகுப்பறைகளை எட்டுவது அரிதாயிற்று. கட்டடத்தின் வரலாற்றில் இவ்விடைவெளியும் இடம்பெறுதல் வேண்டும்.

இந்திய ஆய்வியல் துறையும் அதே பல்கலைக்கழகத்தில் 1956இல்தான் தொடங்கப்பெற்றது. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு துறைகளும் சந்திக்கத்தக்க களம் போர்ட் கிள்ளான். துறைமுக, இருப்புப்பாதைக் குடும்பங்களில் வழங்கும் தொழிற்சொற்களையும் நினைவுகளையும் கிள்ளான் வட்டாரத் தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு தொகுக்கலாம். முதியோர் மறையுமுன் இப்பணி தொடங்கப்பெறல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.