மேல் கோடு

1987 ஏப்ரல் மாதம். திருச்சியிலிருந்து மதுரைக்கு என் பழைய பிரீமியர் பத்மினியில் போய்க்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் அம்மா. மறுநாள் காலை அவருக்குக் கண்புரை அறுவை. விராலிமலையை நெருங்கும்போது எதிரே வந்த லாரிக்காரர் கையை நீட்டிப் பின்னால் பார்க்கச் சொன்னார். திரும்பிப் பார்த்தால் சாலை முழுக்க நீலப் புகை.

தவறு என்னுடையதுதான். முந்தின நாள் மாலை வெளியே போய்விட்டு வந்து, வாசல் சரிவில் வண்டியை நிறுத்திய கையோடு ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். கீழ்க் கோட்டைக்கூட எண்ணெய் தொடவில்லை. ஒரு லிட்டர் டின்னை அப்படியே கவிழ்த்தேன். தூரப் பயணமாயிற்றே, கூட இருந்தால் நல்லதுதானே என்று இன்னும் அரை லிட்டர்.

விராலிமலையில் சாலையோர மெக்கானிக் ஒருவர், இஞ்சின் சற்று ஆறும்வரை காத்திருந்து குச்சியைப் பார்த்தார். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி வெகு தூரம் ஏறியிருந்தது. "சார், வண்டிக்கு ஆயில் ஊத்துனீங்களா, குளிப்பாட்டுனீங்களா?" என்று கேட்டுவிட்டு, பழைய தட்டு ஒன்றோடு வண்டிக்கு அடியில் படுத்தார். சம்ப்பின் பிளக்கைத் தளர்த்தி, கொஞ்சம் வடிப்பதும் முடுக்கிக் குச்சியைப் பார்ப்பதுமாக நான்கைந்து முறை செய்தார். அம்மாவோ, "அங்கே தோப்புல நிக்கிறது மயிலாடா? எனக்குப் புகையாத்தான் தெரியுது" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எண்ணெய் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது ஃபோர்டின் மாடல் டி கார் பற்றிய ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற வண்டி அது. அதில் ஆயில் பம்ப்பும் கிடையாது, குச்சியும் கிடையாது. சுழலும் ஃப்ளைவீலே எண்ணெயை வாரி இறைக்கும். அளவு பார்க்க, இஞ்சினின் அடிப்பாகத்தில் மேலும் கீழுமாக இரண்டு சிறு குழாய்கள். கீழ்க் குழாயைத் திறந்து எண்ணெய் வராவிட்டால் குறைவு. மேல் குழாயில் வழிந்தால் அதிகம். அதை மூடாமல் விட்டால் போதும், மிகுதி தானே வடிந்து நின்றுவிடும். என்ன எளிய ஏற்பாடு!

பின்னால் வந்த இஞ்சின்களில் பம்ப் எண்ணெயை அழுத்தி பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. கிராங்க் எண்ணெயைத் தொடாமல் அதற்கு மேலே சுழல வேண்டும். அளவு மீறினால் கிராங்க் அதை மத்துபோலக் கடைந்து நுரையாக்கிவிடும். பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து அனுப்பும். எண்ணெய் மிகுந்ததாலேயே பேரிங் எண்ணெயின்றித் தேயும். மிச்சம் சிலிண்டருக்குள் போய்ப் புகையும், சீல் வழியாகக் கசியும். 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமான கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் அந்தப் புகை பாழாக்கும். டீசல் வண்டியில், சாவியை அணைத்த பின்னும் அந்த எண்ணெயையே குடித்து இஞ்சின் தறிகெட்டு ஓடுவதுண்டு.

இப்போது நாம் ஊற்றாமலேயே அளவு ஏறுவதும் உண்டு. 2020-இல் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில், வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க இஞ்சின் கூடுதலாக டீசலைச் செலுத்தும். கோயில், கடைத்தெரு என்று நம்மைப் போன்றோர் குறுகிய தூரமே ஓட்டினால், அந்த வேலை பாதியில் நின்று, டீசல் ஆயிலில் கலந்துவிடலாம். குச்சியில் அளவு ஏறி, டீசல் வாடையும் வந்தால் வடிப்பது போதாது. நீர்த்துப்போன ஆயிலை முழுக்க மாற்ற வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். இஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். மேலே ஏறிய எண்ணெய் கீழே இறங்கட்டும். குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே ஒரு லிட்டர் அளவுதான். ஆகவே கால் லிட்டராக ஊற்றிப் பார்ப்பதே நல்லது. மேல் கோட்டைத் தெளிவாகத் தாண்டியிருந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள். குச்சி போகும் குழாய் வழியாகவே மெல்லிய டியூப் விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம். எடுத்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

அன்று இரவே மதுரை சேர்ந்தோம். அறுவையும் நல்லபடியாக முடிந்தது. சில வாரம் கழித்து அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பும்போது விராலிமலையில் நிறுத்தினேன். பத்து நிமிடம் பொறுத்து, குச்சியைத் துடைத்துப் பார்த்தேன். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அம்மா தடித்த கண்ணாடி வழியாகத் தோப்பிலிருந்த மயில்களை எண்ணிக்கொண்டிருந்தார்.